'கிரவுண்ட்ஹாக் டே': ஃபில் நிஜமாகவே திருந்தினானா, ரீட்டாவுக்காகத் திருந்தினானா?

வேனில்காலம்:

சனிக்கிழமை இரவுகளில் நானும் மனைவியும் சேர்ந்து ஒரு பழைய படம் பார்ப்பது வழக்கம். இந்த வாரம் 'கிரவுண்ட்ஹாக் டே'. 1993-ல் வந்தது. ஹெரால்ட் ராமிஸ் இயக்கம், பில் மர்ரேயும் ஆண்டி மெக்டவலும் நடித்தது. படம் முடிந்த பிறகும் எங்கள் பேச்சு முடியவில்லை, அதனால்தான் கேட்கிறேன். கதையை முழுக்கப் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்து நாளானவர்களுக்காக ஒரு சுருக்கம். ஃபில் கானர்ஸ், பிட்ஸ்பர்க் டிவியில் வானிலை சொல்கிறவன். தலைக்கனம் பிடித்த ஆள். பங்ஸுடானி என்ற சின்ன ஊரில் பிப்ரவரி 2-ஆம் தேதி ஒரு விழா நடக்கும். கிரவுண்ட்ஹாக் என்பது அணில் குடும்பத்தைச் சேர்ந்த குண்டுப் பிராணி. அதை வெளியே எடுப்பார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் குளிர்காலம் இன்னும் 6 வாரம் நீளும் என்பது நம்பிக்கை. அதைப் படம்பிடிக்க ஃபில் வேண்டாவெறுப்பாகப் போகிறான். கூடவே புதிதாக வந்த தயாரிப்பாளர் ரீட்டா, கேமராமேன் லாரி. பனிப்புயலில் வழி அடைபட்டு அந்த ஊரிலேயே தங்க வேண்டியதாகிறது. மறுநாள் காலை 6 மணிக்கு ரேடியோ அலாரம் அடித்தால் அதே பாட்டு, அதே பிப்ரவரி 2. அதற்கு அடுத்த நாளும் அதுவே. அவனுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மற்றவர்களுக்கு அது புது நாள்.

என் மனைவி சொல்வது இதுதான்: "இவன் எங்கே திருந்தினான்? ரீட்டாவை மடக்க என்னென்னவோ செய்து பார்த்தான், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் நல்லவனாக இருந்தால்தான் அவள் கிடைப்பாள் என்று தெரிந்துகொண்டான். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பூட்டுக்குப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான்."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி நாளில் அவன் முகமே வேறாக இருக்கிறது. ஆனால் எங்கே மாறினான் என்று அவள் கேட்டால் கையை வைத்துக் காட்ட முடியவில்லை. "நடிப்பு அப்படி" என்று சொன்னால் அவள் விடமாட்டாள். படத்தில் எந்த இடத்தில் அவன் நிஜமாக மாறுகிறான்? காட்சியோடு சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்று, அந்த நாள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று படம் எங்கேயாவது சொல்கிறதா? எங்களுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

பழைய ரீல்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படம் காரணம் சொல்லவே இல்லை.

கதை டேனி ரூபினுடையது. திரைக்கதையை அவரும் ராமிஸும் சேர்ந்து எழுதினார்கள். நடுவில் ஒரு வரைவில் காரணம் இருந்தது. ஃபில் உதறிவிட்ட பழைய காதலி ஒருத்தி சாபம் வைத்துவிடுகிறாள், அதனால்தான் நாள் நகராமல் நிற்கிறது என்று. படமாகும்போது அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது மிக நல்ல காரியம் என்பது என் எண்ணம். சாபம் என்று ஒன்று வந்துவிட்டால் விமோசனம் என்ன என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். நம் புராணங்களில் சாபம் கொடுத்த முனிவரே கோபம் தணிந்ததும் விமோசனத்தையும் சொல்லிவிட்டுத்தான் போவார். ஃபில்லிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. எதைச் செய்தால் வெளியே வரலாம் என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியாது. உங்கள் மனைவியின் வாதத்துக்குப் பதில் சொல்லும்போது இதை மறக்காதீர்கள்.

தமிழில் 2020-ல் வந்த 'ஓ மை கடவுளே' ஞாபகம் வருகிறது. விவாகரத்து வரைக்கும் போன நாயகனுக்கு விஜய் சேதுபதி கடவுளாக வந்து இரண்டாவது வாய்ப்புத் தருவார். கொடுப்பவர் ஒருவர் எதிரிலேயே இருக்கிறார். அந்தக் கதைக்கு அது பொருத்தம், நான் ரசித்துப் பார்த்தேன். ஃபில்லுக்கு முறையிடக்கூட ஆள் கிடையாது. இரண்டும் காதல், கற்பனை, நகைச்சுவை என்ற ஒரே பெட்டிக்குள் வரும் படங்கள்தான். ஆனால் தனிமை இதில் கூடுதல்.

அவன் எவ்வளவு காலம் சிக்கியிருந்தான் என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். படத்தில் கணக்கு இல்லை. ராமிஸ் ஒரு சமயம் சுமார் 10 ஆண்டு என்றார், பின்னொரு சமயம் 30, 40 ஆண்டு இருக்கும் என்றார். அவன் கற்றுக்கொள்ளும் பியானோவையும் செதுக்கும் பனிச்சிற்பத்தையும் பார்த்தால் இரண்டாவது கணக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தாழம்பூ:

வேனில்காலம், நான் உங்கள் மனைவி பக்கம்.

ரீட்டாவும் அவனும் பேசிக்கொண்டிருக்கும்போது தனக்கு எப்படிப்பட்ட ஆண் வேண்டும் என்று அவள் ஒரு பட்டியல் போடுவாள். பணிவு வேண்டும், அறிவு வேண்டும், நகைச்சுவை வேண்டும், கருணை வேண்டும், ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அம்மா மேல் பாசம் இருக்க வேண்டும். ஃபில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நிற்பான். அப்புறம் என்ன ஆகிறது? பியானோ கற்றுக்கொள்கிறான். கடைசி இரவில் அவள் உள்ளே வரும்போது மேடையில் வாசித்துக்கொண்டிருக்கிறான். பட்டியலில் ஒரு வரிக்குக் கோடு போட்டாயிற்று. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. ரீட்டாவுக்கு அவனைத் தெரிந்தது ஒரே ஒரு நாள். அவனுக்கு அவளைத் தெரிந்தது பல வருஷம். அவள் என்ன குடிப்பாள், எதைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவாள், கல்லூரியில் என்ன படித்தாள், எந்த இனிப்பு பிடிக்காது, எல்லாம் அவன் கையில். அவள் கையில் ஒன்றும் இல்லை. "உன்னைப் பற்றி எல்லாம் தெரியும்" என்று ஒருவன் இப்படி என்னிடம் வந்து நின்றால் எனக்குக் காதல் வராது, பயம்தான் வரும். படம் ஆரம்பத்தில் அதைக் குற்றமாகக் காட்டுகிறது, அடுத்தடுத்து கன்னத்தில் அறைகளும் விழுகின்றன. நல்லது. ஆனால் கடைசி நாளிலும் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறதே? பனிக்கட்டியில் அவள் முகத்தை அவ்வளவு தத்ரூபமாகச் செதுக்குகிறான் என்றால் எத்தனை நாள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருப்பான்! அது அவளுக்குத் தெரியாது.

அவன் வளர்ந்தான், சரி. ரீட்டா எங்கே வளர்ந்தாள்? அவள் முதல் காட்சியிலேயே முழுசாக நல்லவள், கடைசியிலும் அப்படியே. பெண் பாத்திரத்தைப் பரிசுக் கோப்பை மாதிரி உயரத்தில் வைத்துவிட்டு ஆணை மட்டும் ஏறவிடும் படங்கள் எனக்கு அலுத்துவிட்டன.

கடைசி பெஞ்ச்:

எனக்குப் படம் ஒட்டவே இல்லை. பாதியில் பொறுமை போய்விட்டது. அதே காலை, அதே பாட்டு, வழிமறிக்கும் அதே இன்ஷூரன்ஸ்காரன் நெட் ரயர்சன். அப்புறம் சிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒருவன் திரும்பத் திரும்பத் தற்கொலை செய்துகொள்கிறான். அதை நகைச்சுவைப் படத்தில் எப்படி எடுத்துக்கொள்வது? எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், எனக்குப் புரியவில்லை. யாராவது விளக்குங்கள்.

ஸ்வரவரிசை:

நான் பியானோ சொல்லித்தருகிறவள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். அதனால் இந்தப் படத்தைப் பார்க்கும்போது என் கண் தானாக அந்தப் பியானோப் பக்கம் போய்விடும். தாழம்பூ கேட்ட கேள்விக்கு அங்கிருந்துதான் பதில் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பனிக் காட்சி. ரீட்டாவும் ஃபில்லும் ஒரு மாலை பனியில் பொம்மை செய்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகள் பனி உருண்டைகளை வீசுவார்கள், இவர்களும் திருப்பி வீசுவார்கள். இருவரும் வழுக்கிச் சேர்ந்து விழுவார்கள். யாரும் திட்டம் போடாமல் ஒரு கணம் அமைந்துவிடும். அன்று இரவு அவள் அவனை ஏற்காமல் போய்விடுவாள். மறுநாள் அவன் அதே இடத்துக்கு அவளை அழைத்து வந்து அதையே திரும்ப நடத்தப் பார்ப்பான். இந்த இரண்டாவது தடவையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உருண்டைகளை அவசர அவசரமாக எறிவான், சிரிப்பு வாயளவில் நிற்கும், அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக் கீழே விழ வைப்பான். அதே பனி, அதே பிள்ளைகள், அதே பெண். ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை. நேற்று நடந்ததன் வெளி வடிவம் மட்டும் அவன் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வரிசையாக அறை விழுகிறது.

சாவி போட்டுப் பார்ப்பது என்று வேனில்காலத்தின் மனைவி சொன்னது இந்தப் பகுதிக்கு நூற்றுக்கு நூறு உண்மை. படமே அதைத்தான் சொல்கிறது: இந்த வழியில் கதவு திறக்காது. எவ்வளவு தகவல் சேர்த்தாலும் திறக்காது. இரவு எப்படியோ ஓரிடத்தில் ரீட்டாவுக்கு உறைத்துவிடும், இவன் என்னைக் காதலிக்கவில்லை, என்னை வைத்து ஒரு காரியம் நடத்திக்கொண்டிருக்கிறான் என்று. அவளை வெறும் பரிசுக் கோப்பை என்று சொல்ல என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை, இருந்தாலும் ஒவ்வொரு இரவும் புதிதாகக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

அப்புறம் விரக்தி. கடைசி பெஞ்ச், நீங்கள் சங்கடப்பட்ட இடம் இது. அது சங்கடப்படுத்தத்தான் வேண்டும். இன்பத்தைத் தேடி முடித்தாயிற்று, ரீட்டாவைத் தேடியும் தோற்றாயிற்று. இனி அவனிடம் மிச்சம் என்ன? கிரவுண்ட்ஹாக்கைத் தூக்கிக்கொண்டு வண்டியோடு பள்ளத்தில் விழுகிறான், மறுபடியும் 6 மணிக்குக் கண் விழிக்கிறான். சாவுகூட அவனை விடவில்லை. இந்தப் பகுதி இல்லாமல் நேரே நல்லவனாகியிருந்தால் நாம் யாரும் நம்பியிருக்க மாட்டோம்.

இனி, மாறும் இடம். எனக்கு அது ஒரே காட்சி இல்லை, ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டு.

ஒன்று, உணவகத்தில் ரீட்டாவிடம் உண்மையைச் சொல்கிறான். நான் ஒரு கடவுள் என்கிறான். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கதையையும் சொல்கிறான். தட்டு எப்போது கீழே விழும் என்றுகூடச் சொல்கிறான். அவள் நம்பி அன்று முழுக்க அவனோடு இருக்கிறாள். அறையில் உட்கார்ந்து தொப்பிக்குள் சீட்டு எறிந்து விளையாடுகிறார்கள். அவன் புலம்பும்போது, இது சாபமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நாம் பார்க்கும் விதத்தில் இருக்கிறது என்கிறாள். அவள் தூங்கிப்போகிறாள். தூங்குகிறவளிடம் அவன் மனசில் இருப்பதைச் சொல்கிறான். அவள் காதில் விழாது, விழுந்தாலும் காலையில் இருக்காது. ஆதாயம் எதுவும் இல்லாமல் அவன் வாயைத் திறப்பது படத்தில் இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் தெருமுனையில் நிற்கும் வயதான பிச்சைக்காரர். முதல் நாள் அவரைப் பார்த்ததும் ஃபில் காசு இல்லாதவன் மாதிரி சட்டையைத் தட்டிக்காட்டிவிட்டுப் போவான். இன்று கையில் இருந்த நோட்டுகளை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறான். லாரிக்கும் ரீட்டாவுக்கும் காப்பி வாங்கிப் போகிறான், சாமான் தூக்க உதவுகிறான். அன்றுதான் உணவகத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது பியானோ இசை காதில் விழும். தலையை நிமிர்த்திக் கேட்பான். மர்ரேயின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள். அதில் ரீட்டா இல்லை, பட்டியல் இல்லை. இசை நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

நேரே ஆசிரியை வீட்டுக்குப் போய் இன்றைக்கே பாடம் வேண்டும், 1000 டாலர் தருகிறேன் என்பான். பாடம் கேட்டுக்கொண்டிருந்த சின்னப் பெண் வெளியே அனுப்பப்படுவாள்! அந்தக் குழந்தைக்காக எனக்கு ஒவ்வொரு தடவையும் வருத்தம்தான், திருந்த ஆரம்பித்தவனிடமும் பழைய ஃபில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்போது ஆசிரியை பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் வகுப்பு. நேற்று எந்த இடத்தில் தடுமாறினான், எந்த விரலில் பலம் இல்லை, எதுவும் அவருக்குத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தால் காலையில் அழிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து பழகியதற்கு ஒரு அத்தாட்சியும் கிடையாது. பாராட்டக்கூட ஆள் இல்லை, ஏனென்றால் அவன் எவ்வளவு முன்னேறினான் என்பது யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் ஒருவன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பழக வேண்டும் என்றால் வாசிப்பதே அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். யாரையாவது அசத்துவதற்காக என்னிடம் வருகிறவர்கள் ஒரே ஒரு பாட்டை, அதுவும் அதன் பிரபலமான பகுதியை மட்டும் கேட்பார்கள். அது வந்ததும் நின்றுவிடுவார்கள். விரல் பயிற்சி என்றால் முகம் சுருங்கிவிடும். ஃபில் கடைசி இரவு விருந்தில் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் பகானினி ராப்சடியிலிருந்து அந்த 18-ஆவது வேரியேஷனை (ஒரே மெட்டின் மாற்று வடிவம்) எடுத்து, மெட்டு கெடாமல் ஜாஸுக்கு இழுத்துக்கொண்டு போகிறான். அந்த விளையாட்டு மனப்பாடத்தில் வராது. அந்த இசைக்குள் நெடுநாள் குடியிருந்தவனுக்குத்தான் வரும். பட்டியலில் ஒரு வரியை நிரப்ப அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை.

அந்த விருந்தில் ஆசிரியையும் இருக்கிறார். பெருமையோடு அவன் என் மாணவன் என்பார். எனக்குக் கண் கலங்கிவிடும். தான் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது காட்சி அந்தப் பெரியவரின் மரணம். ஒரு இரவு அவர் தள்ளாடுவதைப் பார்த்து ஃபில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறான். அவர் இறந்துவிட்டார் என்று செவிலியர் சொல்கிறார். எதனால் என்று கேட்கிறான். சில நேரம் மனிதர்கள் இறந்துவிடுவார்கள், அவ்வளவுதான் என்கிறார் அவர். இன்றைக்கு அப்படி நடக்கக் கூடாது என்கிறான். மறுபடியும் அதே நாள். உணவகத்தில் உட்கார வைத்துச் சூப் வாங்கித் தருகிறான், அப்பா என்று கூப்பிடுகிறான். மறுபடியும் அவர் போய்விடுகிறார். சந்தில், பனியில் மண்டியிட்டு அவர் வாயில் மூச்சை ஊதி ஊதிப் பார்க்கிறான், பிறகு தலையைத் தூக்கி மேலே பார்க்கிறான்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் கடவுள் என்று சொன்னவன் இவன். ஊரில் யார் எப்போது எங்கே என்ன செய்வார்கள் என்பதெல்லாம் தெரியும். தட்டு விழுவது தெரியும். ஆனால் ஒரு கிழவரை ஒரு ராத்திரி தாண்ட வைக்க முடியவில்லை. அங்கே ரீட்டா இல்லை, பார்க்க யாரும் இல்லை, பலனும் இல்லை. இதைத்தான் உங்கள் மனைவிக்குக் காட்டுங்கள், வேனில்காலம். சாவி தேடுகிறவன் திறக்காத பூட்டில் இப்படித் திரும்பத் திரும்ப நிற்க மாட்டான்.

அதற்குப் பிறகு அவன் செய்கிற நல்ல காரியங்களின் தன்மையே வேறு. மரத்திலிருந்து விழும் பையனை ஓடிப்போய்த் தாங்குகிறான். பையன் நன்றி சொல்லாமல் ஓடுவான். நீ ஒரு நாளும் எனக்கு நன்றி சொன்னதில்லை என்று பின்னாலிருந்து கத்துவான் ஃபில், ஆனாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவான். காரில் டயர் பஞ்சரான பாட்டிகள், தொண்டையில் கறித்துண்டு அடைத்துக்கொண்ட பெரிய மனிதர், கல்யாணத்துக்குத் தயங்கும் இளம்பெண். எல்லோரும் காலையில் மறந்துவிடுவார்கள். அவனுக்கும் அது தெரியும்.

கடைசியாக ஒன்று. கடைசி நாள் காலை அவன் கேமரா முன்னால் பேசியதைக் கேட்டு ரீட்டா அசந்துபோகிறாள். காப்பி குடிக்கலாமா என்று அவளே கேட்கிறாள். எத்தனையோ நாள் எதற்காகத் தவம் கிடந்தானோ அது தானாக வருகிறது. அவன் என்ன சொல்கிறான்? இன்னொரு சமயம் வைத்துக்கொள்ளலாமா, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்கிறான். பையன் மரத்திலிருந்து விழும் நேரம் அது.

வேனில்காலம்:

ஸ்வரவரிசை அக்கா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை மனைவியிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். காப்பி குடிக்கக் கூப்பிட்டதை மறுக்கும் இடம் அவளுக்கு ஞாபகமே இல்லை. படத்தைப் போட்டு அந்த இடத்தை மட்டும் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, பெரியவர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாழம்பூ கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை" என்றாள்.

கடைசி பெஞ்சுக்கு ஒன்று. படம் வந்தபோது அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் 3 நட்சத்திரம்தான் கொடுத்தார். 2005-ல் தன் மகத்தான படங்கள் வரிசையில் சேர்த்து மறுபடியும் எழுதினார். உடனே ஒட்டாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

கடைசி பெஞ்ச்:

அந்தப் பெரியவர் வரும் பகுதிக்கு முன்னாலேயே நான் எழுந்து போய்விட்டேன். அது இருப்பதே இப்போதுதான் தெரியும். அங்கிருந்து பார்க்கிறேன். நெட் ரயர்சனைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்பதுதான் சந்தேகம்.

பழைய ரீல்:

நெட்டைத் தவறவிடாதீர்கள். முதல் நாள் இன்ஷூரன்ஸ் விற்க வழிமறிக்கும் அந்தப் பள்ளித் தோழனிடமிருந்து தப்பித்து நடைபாதையிலிருந்து இறங்கினால், ஃபில்லின் கால் நேரே பனித்தண்ணீர்க் குழியில் விழும். இரண்டாம் நாளும் விழும். அப்புறம் ஒரு நாள் நெட்டின் முகத்தில் ஒரு குத்து. கடைசி நாளில் அவனிடம் இருக்கிற எல்லா பாலிசியையும் வாங்கியிருப்பான். நெட் அந்த சந்தோஷத்தில் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான். ஃபில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதை நான் அளப்பது இந்த ஒரு ஆளை வைத்துத்தான். ரீட்டா மாதிரி அழகான, நல்ல மனசுக்காரியிடம் அன்பாக இருப்பது பெரிய விஷயமில்லை, நெட்டிடம் இருக்க வேண்டும்.

ஸ்வரவரிசை:

தாழம்பூ, உங்கள் கேள்விக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது, அது நியாயமான கேள்வி. என் பங்குக்கு இரண்டு விஷயம்.

விருந்தில் ஏலம் நடக்கும், ஃபில்லை ஏலத்தில் விடுவார்கள். ரீட்டா தன் வங்கிக் கணக்கில் இருந்த 339 டாலர் 88 சென்ட்டையும் சொல்லி அவனை எடுக்கிறாள். அங்கே தேர்ந்தெடுக்கிறவள் அவள். அவன் அன்று அவளைக் குறிவைத்து ஒன்றும் செய்யவில்லை. ஊர் மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அவனுக்கு நன்றி சொல்வதை அவள் நின்று பார்க்கிறாள். அவளுக்குக் கிடைத்தது ஒரே நாள்தான், ஆனால் அந்த நாளில் அவனைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒரு ஊரே இருந்தது.

இன்னொன்று, அந்த இரவு ஒன்றும் நடப்பதில்லை. அவன் தூங்கிவிடுகிறான். தூங்குவதற்கு முன் சிற்பத்தின் பக்கத்தில் நின்று, நாளைக்கு என்ன ஆனாலும் சரி, இப்போது சந்தோஷமாக இருக்கிறேன், உன்னைக் காதலிக்கிறேன் என்கிறான். நாளை இவள் என்னை மறந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிற வார்த்தை அது.

தாழம்பூ:

ஏலத்தில் தேர்ந்தெடுப்பவள் அவள் என்பதை ஏற்கிறேன். பெரியவர் காட்சிக்கும் என்னிடம் எதிர்வாதம் இல்லை, அவன் திருந்தினான் என்றே வைத்துக்கொள்கிறேன். பியானோ விஷயத்தில் மட்டும் பாதி பாதி. ஆரம்பம் அந்தப் பட்டியலாகவும் இருக்கலாம், தொடர்ந்தது இசைக்காக இருக்கலாம். மனிதர்கள் அப்படித்தான், ஒரு காரணத்துக்காகத் தொடங்கி வேறு காரணத்துக்காகத் தொடர்வார்கள்.

ஆனால் ரீட்டா விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை. பிப்ரவரி 3 காலையில் அவன் அவளோடு வெளியே வந்து, இங்கேயே குடியிருக்கலாம் என்கிறான், முதலில் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறான். அவனுக்கு அந்த ஊர் வாழ்நாள் முழுக்கப் பழகிய ஊர். அவள் வந்து ஒரு நாள்தான் ஆகிறது. அவளுக்கென்று பிட்ஸ்பர்கில் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் அவளிடம் உட்கார்ந்து சொல்வானா, சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? எத்தனை வருஷம் தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது தெரிய வந்த பிறகும் அவள் கூட இருப்பாளா? உணவகத்தில் உண்மையைச் சொன்னபோது அவள் நம்பினாள், கூடவே இருந்தாள், அதனால் இருப்பாள் என்றுதான் எனக்கும் படுகிறது. அந்த உரையாடலை ஒரு காட்சியாகக் காட்டியிருந்தால் நான் இந்தப் படத்துக்கு ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன். வேனில்காலம், உங்கள் மனைவியிடம் கேட்டுச் சொல்லுங்கள், அவர் ரீட்டாவாக இருந்தால் ஃபில்லிடம் முதலில் என்ன கேட்பார்?

வேனில்காலம்:

கேட்டேன். "என்னிடம் எத்தனை தடவை அறை வாங்கினாய், எதெதற்கு வாங்கினாய், ஒன்றுவிடாமல் சொல் என்பேன். மழுப்பாமல் சொன்னால் வாடகை வீடு பார்க்கலாம்" என்றாள்.